செவ்வாய் முதல் செவ்வாய் வரை கத்தரிக்காய்

கத்தரிக்காய் ஒரு வாரம் கெடாமல் நிற்குமா என்பது போன சித்திரையில் எங்கள் வீட்டில் வழக்காகிவிட்டது. நிற்காவிட்டால் இனி நான் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் போகக்கூடாது. அப்படிச் சொன்னவன் என் மகன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு மூன்று மாதம் ஆந்திராவில் இருந்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தான்.

சனிக்கிழமை காலை காய்க்கூடையைக் கிளறினான். செவ்வாயன்று வாங்கிய காய்கள் நாலே நாளில் தோல் சுருங்கிக் கிடந்தன. ஒன்றைத் தூக்கினான், காம்பு மட்டும் கையோடு வந்தது.

"ஏனுங்கம்மா, முழங்கால் வலியோட ரெண்டு பஸ் மாறிப் போயி இதைத்தான் வாங்கிட்டு வாரீங்களா? போன்ல சொன்னா ஊட்டுக்கே கொண்டாந்து குடுக்கறான். பிரிட்ஜுல வெச்சுக்கலாம்."

"பிரிட்ஜுலயும் வெச்சுப் பார்த்தாச்சு சாமி. பங்குனி ரெண்டாம் வாரம். ஆறாம் நாள் தோலெல்லாம் அம்மைத் தழும்பாட்டம் குழி. அறுத்தா வெதை கறுப்பு."

"அதையும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"அத்தை நான் தும்முனாக்கூட எழுதுவாங்க" என்றாள் மருமகள் சமையலறையிலிருந்து.

எழுதுவேன்தான். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் வீணாகப் போவதில்லை. "ஒரே ஒரு செவ்வாய் குடு. அடுத்த செவ்வாய்க்குள்ள காய் கெட்டுதுன்னா பையை மடிச்சு வெச்சுடறேன். நின்னுதுன்னா அப்புறம் இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது" என்றேன். சரி என்றான்.

அன்று மத்தியானம் தாள்களை எடுத்துப் பரப்பினேன். வெயில்தான் காரணம் என்று நம்பியிருந்தேன். ஆனால் மாசியிலேயே இரண்டு வாரம் காய் சீக்கிரம் போயிருந்தது. அந்த இரண்டு வாரமும் பரமத்தி வேலூரிலிருந்து என் தங்கை வாழைத்தார் அனுப்பிய வாரங்கள். அந்தச் சனிக்கிழமையும் உள்ளறையில் தார் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அது என்பதால் தாரையும் அங்கேதான் கட்டுவோம், காய்க்கூடையையும் அதற்கு நேர் கீழேதான் வைப்போம். வாழைத்தோட்டத்துச் சொந்தம் இருக்கிற எல்லா வீட்டிலும் இதே கதைதான். பழுக்கும் வாழை விடுகிற வாயு பக்கத்துக் காயையும் முதிர வைக்கும் என்று ஒரு வேளாண்மைப் பத்திரிகையில் படித்து, அடிக்கோடும் போட்டு வைத்திருந்தேன். படித்தவள் செய்த காரியம் இது.

செவ்வாயன்று காம்பு பச்சையாக, கையில் கனமாக இருந்த காயாகப் பார்த்து எடுத்தேன். பன்னிரண்டைத் தனியே ஒதுக்கினேன். கழுவவில்லை, துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் காம்போடு செய்தித்தாளில் சுற்றி, பழைய தண்ணீர்ப் பானைக்குள் அடுக்கினேன். பானையை ஈரமணல் நிரப்பிய அகலச் சட்டியில் வைத்து, வாயை ஈரத்துணியால் மூடினேன். இடம், தாரும் தக்காளியும் இல்லாத வடக்குத் தாழ்வாரம். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளித்தேன்.

"பானைக்கு மாலை போட்டுடலாமுங்களா?" என்று தினமும் கேட்டான்.

ஏழாம் நாள், திங்கட்கிழமை, அவன் எதிரிலேயே ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பத்துக் காய் இறுக்கமாக, மினுமினுப்புக் குறையாமல் இருந்தன. ஒன்று மெத்தென்று அமுங்கியது. இன்னொன்றில் ஓட்டை.

"ரெண்டு போச்சுங்களே."

"அது புழு. வாங்கறப்பவே இருந்திருக்கும். என் கண்ணு பார்க்கலை. ஒண்ணுதான் போச்சு, ஒத்துக்கறேன். பத்து நின்னுருக்குது, எண்ணிக்க."

அவன் எண்ணவில்லை. "காய்க்காகச் சொல்லலீங்கம்மா. உங்க காலுக்காகத்தான் சொன்னேன்."

"அப்ப காலைப் பத்திப் பேசியிருக்கோணும். காய் மேல எதுக்குப் பழி போட்டே? காலைப் பத்திப் பேசுனாலும் நான் போவேன். அது எம்பட காலு."

பத்தையும் எண்ணெய்க் கத்தரிக்காயாக வைத்தேன். மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டானே தவிர, நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் காலை வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். சந்தையில் கொண்டுபோய் விடுகிறானாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எட்டு மணி பஸ்ஸில் ஏறினேன். வழக்கமாக ஒரு கிலோ வாங்குவேன். அன்று இரண்டு கிலோ எடுத்தேன்.