வரப்பில் தூவிய உப்பு

எனக்குப் பாம்பென்றால் பயம். மண்ணைப் பற்றி அலமாரியில் ஐந்தாறு புத்தகங்கள் வைத்திருக்கிறேன். புல்லின் வேர் மண்ணை எப்படிக் கட்டிப் பிடிக்கிறது என்று ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்து போகும்வரை விளக்கியவன். ஆனாலும் இந்தக் கோடை மழையில், ஆலங்காயம் போகிற வழியில் மலையடிவாரத்தில் நான் கட்டிக்கொண்ட வீட்டின் கீழ்வரப்பில் புல் மண்டியபோது, புத்தகம் ஞாபகம் வரவில்லை, பாம்புதான் வந்தது.

ஆம்பூர்க்காரன் செய்யக்கூடியதைச் செய்தேன். நான் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலையில், கெடாமலிருக்க உப்பிட்டு வரும் பச்சைத் தோலை உதறும்போது கொட்டும் உப்பு மூட்டையாகக் கிடக்கும். நாலைந்து மூட்டையைக் காரில் ஏற்றிவந்து வரப்பு நெடுகத் தூவினேன். கார் நாறியது. புல் செத்தது. பாம்பு வரவில்லை, அதற்கு முன்பும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

வரப்புக்குக் கீழே ஒரு புருஷன் பெண்சாதியின் நிலம். கீழே ஏரி வரைக்கும் சரிவான செம்மண். அவள் ஆடியில் வேர்க்கடலை விதைத்திருந்தாள். அவருக்கு ஆடுகள்தான் உலகம்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. என் சிமெண்ட் முற்றத்துத் தண்ணீர் முழுவதும் மொட்டை வரப்பை உடைத்துக்கொண்டு இறங்கியது. காலையில் பார்த்தால் அவள் நிலத்தின் நடுவே ஓடை. கடலைச் செடிகள் வேரை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தன.

"எல்லாம் உன் ஆடுங்கதான்! எப்போ பாரு அந்த வரப்பு மேலயே நிக்குதுங்க. ஒரு புல்லு உட்டுச்சுங்களா? சந்தைக்கு ஓட்டிக்கினு போய்டு. ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது" என்று அவள் புருஷனிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

"மழை பேஞ்சதுக்கு ஆடு இன்னாடி பண்ணும்?"

"மழை போன வருசமும்தான் பேஞ்சுது. வரப்பு நின்னுச்சு இல்ல?" மேலே காபி டம்ளரோடு நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க சார். ஆடு தெனமும் அங்கதானே நிக்குது?"

"நிக்குது" என்றேன்.

உண்மைதான். ஒரு உண்மையை வைத்து இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சரி" என்றார்.

சந்தை நாள் வரை தினமும் காபி டம்ளரோடு மேலே நின்று பார்த்தேன். ஆடுகள் அப்போதும் வரப்புக்கு வந்தன. ஒரு புல் இல்லாத இடத்தில் இவற்றுக்கு என்ன வேலை என்று பார்த்தேன். வெயில் ஏறியதும் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததை நக்கிக்கொண்டிருந்தன. உப்பு! அவற்றை அங்கே வரவழைத்ததே நான்தான்.

சந்தை அன்று அவர் ஆடுகளை அவிழ்க்கும்போது லுங்கியோடு கீழே ஓடினேன்.

"ஓட்டாதீங்க! அதுங்க மேயல, நக்குது. பாம்புக்குப் பயந்து நான்தான் உப்பு போட்டேன். அதுலதான் புல்லு செத்துச்சு."

"பாவம், ஆட்டுக்காக சார் பொய் சொல்றாரு" என்றாள் அவள்.

வேறு வழி? வரப்பு மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துக் காட்டினேன். அவளும் ஒரு துளி வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

"பாம்பு வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவர் சிரித்துவிட்டார். "இத்தினி நாளா என் ஆட்டுக்கு மாமியார் வீடு உங்க வரப்புதானா சார்?" என்று கயிற்றைத் திரும்பக் கட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. "ஆடு இருக்கட்டும். என் மண்ணு எங்க?"

கீழே ஏரியைக் காட்டினேன். தண்ணீர் இன்னும் சிவப்பாகவே இருந்தது. அவள் ஒரு கூடையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி மண்ணை அவள் நிலத்துக்குச் சுமக்கிறேன். ஒரு கூடை ஈரமண் இவ்வளவு கனக்கும் என்று என் புத்தகம் எதிலும் இல்லை. நான் கொட்டும் இடத்துக்கு ஆடுகள் தவறாமல் வருகின்றன, உப்பு இருக்கிறதா என்று பார்க்க.