அந்தக் காரின் இடது லைட்

சூடான ரப்பர் வாசனையோடு ஈர யூகலிப்டஸ் வாசனையும் கலந்து வந்தால், எனக்கு இன்னமும் அட்டுவம்பட்டி ஷெட்தான் நினைவுக்கு வரும்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் இருக்கும்... என் வீட்டுக்காரர் அந்த மலை ஊரில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஜீப், டிராக்டர், பழைய வேன் எல்லாம் வரும். நான் பால்வாடி டீச்சர். மத்தியானம் வேலை முடிந்ததும் அவருக்குச் சோறு கொண்டு போவேன்.

ஒரு நாள், தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். அதன் ஹெட்லைட் இரண்டும் பானெட்டுக்குள் படுத்திருக்கும். சுவிட்சை இழுத்தால் எழுந்து நிற்கும். அவற்றைத் தூக்குவது மோட்டார் இல்லை, இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவைதான். மெல்லிய ரப்பர் குழாய்கள் வழியாக அந்த இழுவை லைட்டுக்குப் போகும். எங்காவது வெளிக்காற்று புகுந்தால் போச்சு.

வலது லைட் சோம்பலாக எழுந்தது. இடது பாதியிலேயே நின்றது.

தன் மகள் கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் மலை இறங்க வேண்டும் என்று தோட்டக்காரருக்கு ஆசை. அங்கே பகலிலேயே பனிமூட்டம் இறங்கிவிடும். லைட் இல்லாமல் ஒரு வளைவு தாண்ட முடியாது.

மூன்று நாள் ஓடியது. இவர் பானெட்டுக்குள் இருந்த குழாய்களைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தார். இழுவையைச் சேர்த்து வைக்கும் தொட்டியைத் தண்ணீரில் முக்கி ஊதிப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

மூன்றாம் நாள் நான் சோற்றுத் தூக்கோடு போனபோது தோட்டக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"முடியலேன்னா சொல்லிருங்க நாகராசு. நாளைக்கு வெள்ளனே லாரில ஏத்தி மதுரைக்கு அனுப்பிருறேன்."

இவர் என்னைப் பார்த்து, "செல்வி, சோறு கெடக்கட்டும். வண்டில உக்காந்து சுவிட்ச இழு. நான் முன்னாடி நின்னு பாக்குறேன்" என்றார்.

உட்கார்ந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சை இழுத்தேன்.

"ஏங்க, இங்க உஸ்ஸுன்னு கேக்குதே?"

"எங்க?"

"சுவிட்சுக்குப் பின்னாடிதாங்க."

வந்து தலையை உள்ளே விட்டார். டேஷ்போர்டில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் கேக்கலையே..."

"நல்லாக் கேளுங்க. பாம்பு சீறுற மாதிரி கேக்குது."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மூன்று நாளும் அதே சீட்டில் உட்கார்ந்துதான் அந்த சுவிட்சை இழுத்திருக்கிறார்.

பிறகு கையை உள்ளே விட்டு ஒவ்வொரு குழாயாக அழுத்தினார். ஒன்றை அழுத்தியதும் சத்தம் அடங்கியது.

"நின்னுருச்சுங்க."

"நின்னுருச்சா?" என்று திருப்பிக் கேட்டார்.

குழாயின் நுனி வெடித்திருந்தது. ஒரு இஞ்ச் வெட்டிவிட்டுத் திரும்பச் சொருகினார். அவ்வளவுதான். இரண்டு லைட்டும் ஒன்றாக எழுந்தன. தோட்டக்காரர் இவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மூட்டத்தில் லைட் போட்டபடி போனார்.

இவர் பழைய டயர் மேல் உட்கார்ந்து ஆறிய சோற்றைச் சாப்பிட்டார்.

"எத்தன நாளா இப்பிடி?" என்றேன்.

"ரெண்டு வருசம் இருக்கும்... காலையில பறவைச் சத்தமே நின்னுபோச்சு. மலையில குருவி கொறஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்."

வெளியே மரத்தில் குருவிகள் கத்திக்கொண்டுதான் இருந்தன.

காது நரம்பு போய்விட்டது, திரும்பாது என்று மதுரையில் டாக்டர் சொன்னார். அதன்பிறகு நாலு வருஷம், பால்வாடி முடிந்ததும் நானும் ஷெட்டில் நின்றேன். எந்தப் பக்கம் என்ன சத்தம் என்று நான் சொல்வேன், அவர் கை வைப்பார். ஒரு கட்டத்தில் இரண்டு பேருக்குமே அலுத்துவிட்டது... பூட்டிவிட்டோம்.

இப்போது வண்டியில் எதையோ செருகினால் கோளாறு திரையிலேயே வந்துவிடுகிறது. இவருக்குக் காது மெஷின் இருக்கிறது. இரைச்சலாக இருக்கிறது என்று வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிடுவார். நான் உரக்கப் பேசியே பழகிவிட்டேன். போனில் எங்கள் மகள், "ஏம்மா கத்துற?" என்கிறாள்.

சாப்பாடு, மாத்திரை, மழை வருகிறது... எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிடலாம். மெதுவாக மட்டுமே சொல்ல முடிகிற பேச்சும் கொஞ்சம் உண்டு. அதையெல்லாம் எங்கள் வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை.