பாசல் கார்னிவலும் என் மைத்துனனும்

1995 மார்ச் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்குப் பிறகு, பாசல் கார்னிவல் பார்க்க, பேர்ண் நிலையத்தில் ரயில் ஏறினோம். பாசல் அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். நானும், எட்டு வயது மகள் துளசியும், பேர்ணில் இருக்கும் மனைவியின் தம்பி யோகனும். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, ரொறன்ரோவில் நின்றுவிட்டாள்.

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் எங்கள் வீடு. எனக்கு வாரநாட்களில் இரவு வேலை, சனி ஞாயிறில் இன்னொரு வேலை. ஒரே வீட்டில் இருந்தும் மகளோடு பேசிய நேரம் குறைவு. இந்த இரண்டு கிழமைக்குள் அவளோடு ஒட்டிக்கொள்ளலாம் என்றுதான் சுவிசுக்கே வந்தேன். வந்து மூன்றாம் நாளே அவள் யோகனோடு ஒட்டிக்கொண்டாள். ரயிலிலும் அவனுக்குப் பக்கத்து இருக்கைதான். எனக்குப் பக்கத்தில் இருந்தவை எங்களுடைய பைகள்.

பாசலில் இறங்கியதும் யோகன் ஒரு கிழவியிடம் செம்பு நிறக் கார்னிவல் பதக்கம் இரண்டு வாங்கினான். ஒன்று ஆறு பிராங். தனக்கு ஒன்றும் துளசியின் ஜக்கெற்றில் ஒன்றும் குத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"அத்தான், நீங்களும் ஒண்டு வாங்கிக் குத்துங்கோ. இல்லாட்டி உந்த வேஷக்காரங்கள் சும்மா விடமாட்டாங்கள்."

"எங்கட ரொறன்ரோவில ஊர்வலம் பாக்க ஒருத்தரும் காசு கேக்கிறேல்லை," என்றேன். அவன் சொல்லி நான் கேட்பதா என்ற எண்ணம்தான் உள்ளே இருந்தது.

சந்தைச் சதுக்கத்தில் சிவப்பு நகர மண்டபத்துக்கு முன்னே இடம் பிடித்தோம். ஏழு பிராங்குக்கு வறுத்த மாவில் காய்ச்சிய சூப் குடித்தோம். எனக்கு அது பசை போலத்தான் இருந்தது. மகள் கோப்பையை வழித்துக் குடித்தாள், மாமா வாங்கிக் கொடுத்தது அல்லவா.

ஒன்றரை மணிக்கு ஊர்வலம் தொடங்கியது. முன்னால் பிரமாண்டமான விளக்குக் கூடுகள், பின்னால் புல்லாங்குழல்காரர், அவர்களுக்குப் பின்னால் மேளக்காரர். அத்தனை பேருக்கும் முகமூடி. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் ஆடவில்லை. மிக நிதானமாக நடந்தார்கள். அடுத்து வண்டிகள் வந்தன. மேலே நின்றவர்களுக்குப் பூசணிக்காய் அளவு மூக்கு, வைக்கோல் நிறத் தலைமயிர். அந்த வேடத்துக்கு 'வாகிஸ்' என்று பெயர்.

"வாகிஸ் எண்டு பேரைச் சொல்லிக் கத்து பிள்ளை. நல்லாக் கத்தினால்தான் தருவாங்கள்," என்று யோகன் அவளைத் தோளில் தூக்கினான்.

துளசி கத்தினாள். பக்கத்தில் நின்ற சுவிஸ்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். அவளுக்கு இப்படியொரு குரல் இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. தோடம்பழம், இனிப்பு, மஞ்சள் பூங்கொத்து என்று அவள் கை நிறைந்தது. யோகனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, ஹோட்டல் சமையலறையில் வேலை, திங்கட்கிழமை ஓய்வு. என் பிள்ளை அவன் தோளில்.

அந்த நேரம் பார்த்து ஒரு வாகிஸ் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். என் சட்டையில் பதக்கம் இல்லாததைக் கண்டதும் சட்டைக் கழுத்தை இழுத்து, உள்ளே இரண்டு கை நிறைய வண்ணக் கடதாசித் துண்டுகளைத் திணித்தான். துளசி விழுந்து விழுந்து சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததே எனக்குப் பெரிய விஷயம். இன்னும் சிரிக்க வைக்கலாம் என்று நிலத்தில் கிடந்த துண்டுகளை இரண்டு கையாலும் அள்ளி அவன்மேல் வீசினேன்.

வாகிஸ் அசையாமல் நின்றான். சுற்றியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

"நிலத்தில கிடந்ததை எறியக் கூடாது அத்தான்," என்று யோகன் என் காதருகே குனிந்தான். "இங்க ஒரு பைக்குள்ள ஒரு நிறம்தான் விக்கிறது. கலர் கலந்திருந்தால் றோட்டில பொறுக்கினது எண்டு தெரிஞ்சிடும்."

பிறகு அவன் அவர்களுடைய மொழியில் ஏதோ சொன்னான். வாகிஸ் சிரித்து, துளசிக்கு இன்னொரு தோடம்பழம் கொடுத்துவிட்டுப் போனான். என் பிழைக்கும் அவனே மன்னிப்பு வாங்கித் தந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

மாலை ஐந்தரை ரயிலில் திரும்பினோம். அவர்கள் இருவரும் எதிரே இருந்தார்கள். மேளம் எப்படி அடித்தார்கள் என்று துளசி இருக்கையில் தட்டித் தட்டிக் காட்டினாள். பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

தட்டும் சத்தம் சட்டென்று நின்றது.

"ஷ்ஷ், மாமா. அப்பா ஸ்லீப்பிங்."

"ரயிலில எல்லாரும் சத்தமாத்தானே கதைக்கினம், பிள்ளை?"

"நோ மாமா. அப்பாக்கு நைட் வேர்க். நாங்க வீட்ட இப்பிடித்தான் கதைக்கிறனாங்க."

காற்று மட்டும் வரும் குரலில், ஒரு சொல்லும் பிசகாமல், மிச்சக் கதையை மாமனுக்குச் சொன்னாள். வருடக்கணக்கில் பழகியவளின் திறமை அதில் இருந்தது. ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்ற் ஏன் எப்போதும் அவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பிள்ளை அடக்கமானவள் என்று கூட்டாளிகளிடம் பெருமைகூடப் பேசியிருக்கிறேன்.

கண்ணைத் திறந்தேன். "அப்பா நித்திரை கொள்ளேல்லை, துளசி. அந்த மேளத்தை எனக்கும் ஒருக்கா அடிச்சுக் காட்டு. நல்லாச் சத்தமா."

அவள் என் மடிமேல் கிடந்த ஜக்கெற்றை இழுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

"இட்ஸ் ஓகே அப்பா," என்றாள், அதே காற்றுக் குரலில். "நீங்க படுங்கோ."