லீலாபாய் அக்கா ஒட்டிய சீட்டு

லீலாபாய் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் புதுத் தேன் பாட்டிலின் மூடிக்கு மஞ்சள் நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். நம் கம்பெனி பேக்கிங் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தைப் போட்டு, நாளை மூன்று மணிக்கு அடக்கம் என்று எழுதியிருந்தீர்கள். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். நானும் ஒன்று போட்டேன். அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அதனால்தான் இதே குழுவுக்கு இதை எழுதுகிறேன்.

நான் லேபிள் வரைகிறவன். நம் பாட்டிலில் சிரிக்கும் குழந்தை என் கைவேலை என்று உங்களுக்குத் தெரியும். அது விற்றதற்கு முக்கால் காரணம் அக்கா என்பது தெரியாது. குலசேகரத்தில் ஒரு கடைக்குச் சரக்கு இறக்க இருவரும் போயிருந்தோம். வியாபாரம் ஏன் படுத்துக் கிடக்கிறது என்று நான் அலமாரியை வெறித்துக்கொண்டு நின்றேன். அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நீயும் இரி மக்கா. பிள்ளைக இங்கேருந்துதான் பாக்கும். ஒனக்க படம் எங்க தெரியுது? பாட்டிலுக்க அடிபாகம்லா தெரியுது!"

கடைக்காரர் சிரித்தார். ஆனாலும் நான் உட்கார்ந்து பார்த்தேன். ஊருக்குத் திரும்பியதும் பாட்டிலைக் குள்ளமாக்கி, குழந்தையின் முகத்தைக் கீழே இறக்கி, மூடியை மஞ்சளாக்கினேன். கடைக்கு வந்த பிள்ளைகள் பாட்டிலைப் பிடித்தால் விடவில்லை. முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். யோசனை யாருடையது என்று அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள், அக்கா தன் பேத்திக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில், ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் அக்கா பாட்டிலோடு என் மேசைக்கு வந்தார்.

"இந்த பிள்ளைக்கு பல்லே இல்ல, கேட்டியா? இதப் பாக்கியவ பல்லு மொளைக்காத பிள்ளைக்கு குடுக்கலாம்னுல்லா நெனப்பா?"

அந்தப் பொக்கைச் சிரிப்புதான் என் பெருமையே. "எச்சரிக்கை பின்னால இருக்கே அக்கா" என்றேன்.

"அத வாசிக்க எனக்கு கண்ணாடி வேணும். ஒனக்கு?"

எனக்கும் வேண்டியிருந்தது. முதலாளியிடம் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். பேசவில்லை. ஓடுகிற லேபிளில் கைவைக்க எனக்குப் பயம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடையிலிருந்து பாட்டில்கள் திரும்பி வந்தன. குழந்தையின் முகத்தை மறைத்து ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. "ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குக் கொடுக்காதீங்க" என்று நீலப் பேனாவில் எழுதியிருந்தது. முதலாளி அதை என் முன்னால் வைத்து, யார் எழுத்து இது என்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "லீலாபாய் அக்கா எழுத்து மாதிரி இருக்கு" என்றேன். மாதிரியாவது மண்ணாவது. தினமும் அட்டைப்பெட்டிகளின் மேல் நான் பார்த்த எழுத்து அது. அன்று சாயங்காலமே அக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள். யார் காட்டிக்கொடுத்தது என்று நீங்கள் பல நாள் பேசிக்கொண்டீர்கள். நான்தான்.

அதற்கப்புறம் ஒரே ஒருமுறை குழித்துறைச் சந்தையில் அவரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்த என்னை அவரே கூப்பிட்டார்.

"பிள்ளைக்க படத்த மாத்தியாச்சா மக்கா?"

"மாத்தியாச்சு அக்கா."

"நல்லா இருப்ப" என்று சொல்லி, பையிலிருந்து இரண்டு மட்டிப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். நான் தின்றுகொண்டே நடந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நேற்று அடக்கம் முடிந்து வீட்டில் கட்டன்காப்பி கொடுத்தார்கள். டம்ளரை வைக்க அடுக்களைக்குள் போனேன். அங்கே நம் பாட்டில் இருந்தது, குள்ளப் பாட்டில், மஞ்சள் மூடி. குழந்தையின் முகத்தில் அதே வெள்ளைச் சீட்டு. நான் பார்ப்பதை அக்காவின் மகள் கவனித்தாள்.

"அம்மைக்க பைக்குள்ள எப்பவும் சீட்டு கெடக்கும் அண்ணா. எந்தக் கடைக்குப் போனாலும் ஒட்டிட்டுதான் வருவா. போன மாசம் கூட ஒட்டினா."

அப்படியானால், நான் படத்தை மாற்றவே இல்லை என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குப் பழம் எடுத்துக் கொடுத்த பையில்கூட சீட்டு இருந்திருக்கும். என்னைப் பொய்யன் என்று சொல்லாமல், நான் செய்யாத வேலையைக் கடைகடையாகப் போய் அவரே செய்திருக்கிறார்.

மிச்சமிருந்த சீட்டுகளை மகளிடம் கேட்டு வாங்கிவந்தேன். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அவ்வளவுதான். இன்று காலை அதில் ஒன்றை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி, புது லேபிளின் முன்பக்கத்தில், குழந்தையின் முகம் இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன். ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. நாளை முதலாளியின் மேசைக்கு அது போகும். யார் எழுத்து இது என்று கேட்பார்.

இந்த முறையும் சொல்வேன்.