சுண்ணாம்புக் காரையில் செய்த வீடு

அந்த ஐப்பசி நாளில் மாலை நாலேகால் மணிக்குச் சுவர் விழுந்தது. சமையலறையில் இருந்த எனக்கு லாரியிலிருந்து செங்கல் கொட்டுவது போலத்தான் கேட்டது. இன்றும் எங்கேயாவது செங்கல் கொட்டினால் என் கைவேலை நின்றுவிடுகிறது. வாசலுக்கு ஓடி வந்தால், பக்கத்துச் சந்து முழுக்கத் தூறலிலும் அடங்காத வெள்ளைத் தூசி. பள்ளிக்கூடம் விட்டு என் மகள் வருகிற வழி அது. வருகிற நேரமும் அதுதான்.

விழுந்தது, தெரு மூலையில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த மாடி வீட்டின் பக்கச் சுவர். மரத்தூணும் வளைவு வைத்த சன்னலுமாக இருந்த அந்த மாதிரி வீடுகள் ஒவ்வொன்றாக லாட்ஜுகளாகிக்கொண்டிருந்த எண்பதுகள் அவை. என் கணவரின் தம்பி எங்களோடு இருந்தான். ஊரெல்லாம் கோபுரப் பொம்மை விற்றபோது அவன் மட்டும் அந்த வீட்டை உள்ளங்கை அளவில் அச்சில் வார்த்து, ஆசிரமத்துப் பக்கம் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களிடம் கொண்டுபோவான். நாலு பேர் கையில் அந்த வீடு இருந்தால் இடிக்க வருகிறவன் யோசிப்பான் என்று நம்பினான். எதிர் டீக்கடைக்காரர், "கோயிலை உட்டுட்டு பாழடைஞ்ச ஊட்டப் போயி பண்றியே. அடுத்தது என் கடையா?" என்று சீண்டினால், "உங்க கடையை அப்படியே தூக்கி வித்துடலாம்ணே, பொம்மை சைஸுதானே இருக்குது" என்பான்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அம்மாள், இதில் அந்த வீட்டினுடையது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாளாம். அதிலிருந்து அந்த வீட்டுச் சுண்ணாம்புக் காரையையே கொண்டுவந்து இடித்து, சலித்து, பொம்மை வார்க்கும் மாவோடு கலக்க ஆரம்பித்தான். "இது பொம்மை இல்லீங்க அண்ணி. அந்த ஊடே கொஞ்சூண்டு" என்று என் கையில் ஒன்றை வைத்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி வருகிறான் என்றே நினைத்திருந்தேன்.

என் மகளைத் தேடித் தெருவே கூடி இடிபாட்டை அள்ளியது. மண்வெட்டி கிடைக்காதவர்கள் கையால் அள்ளினார்கள். நானும் அள்ளினேன். விழாமல் நின்ற மிச்சச் சுவரை அப்போதுதான் பார்த்தேன். தரையை ஒட்டி, தெருவுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, முழங்கை நுழையும் ஆழத்துக்குக் குடைந்திருந்தது. எலி குடைந்ததல்ல, உளித் தடம் வரிசையாக, சுத்தமாக இருந்தது. காப்பாற்றப்போகிறேன் என்ற வீட்டின் காலையே அவன் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வந்திருக்கிறான். ஐப்பசி மழை மீதியைச் செய்துவிட்டது.

"வரட்டும் அவன். அந்தக் கையை ஒடிச்சிடறேன்" என்று நான் கத்தியதைத் தெரு முழுவதும் கேட்டது. செங்கம் ரோட்டில் யாருக்கோ பொம்மை காட்டிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவற்றை இங்கே எழுத முடியவில்லை.

இருட்டத் தொடங்கியபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மகள் வந்தாள். தலைமேல் புத்தகப்பை, தொப்பலாக நனைந்த பாவாடை. அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "புள்ள வந்துடுச்சி, உடுங்கப்பா" என்றார் டீக்கடைக்காரர். மண்வெட்டிகளைக் கீழே போட்டார்கள். ஒருவர் பீடி பற்றவைத்தார்.

"எங்கடி போன?"

"சித்தப்பாதாம்மா சுத்திப் போன்னாரு. மழைன்னு அந்தாண்ட தெருக் கடைக்கிட்ட நின்னுட்டேன். செவுரு சாயுது, முட்டு குடுத்துட்டு வரேன்னு அவரு சந்துக்குள்ள போனாரு. வந்துட்டாராம்மா?"