என் கட்டுரையை நானே திருடிய கதை

என் மேல் திருட்டுப் பட்டம் கட்டியவர்களை இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூரில் குடியிருந்துகொண்டு ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். அரியலூரில் கிராமப்புற ஆய்வுக்கென்று ஒரு நிலையம் தொடங்கப்போகிறார்கள், ஆராய்ச்சியாளர் ஒருவரைத் தேடுகிறார்கள் என்று செய்தி வந்தது. பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, மறுபடி அதே பாடத்தை நடத்தி அலுத்துப்போயிருந்த எனக்கு, அது எனக்காகவே உண்டாக்கிய வேலையாகத் தோன்றியது. எங்கள் துறையில் ஒருவருக்கு மரியாதை எதில் இருக்கிறது? அவர் பெயரில் என்னென்ன கட்டுரைகள் அச்சாகியிருக்கின்றன, அவற்றை யார் யார் எடுத்துப் பேசுகிறார்கள் என்பதில்தான். அந்த விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று தெம்பாக விண்ணப்பம் போட்டேன்.

இந்த இடத்தில் என் இனிஷியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் பெயரை எங்கள் பக்கம் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். சத்தமாகக் கூப்பிட்டால் கடைத்தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். அப்பா விக்கிரமங்கலத்தில் கூலி வேலை செய்தவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அவருடைய இனிஷியலோடுதான் படித்தேன், டாக்டர் பட்டம் வாங்கினேன். ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக் கிராமங்களில் வெயிலில் அலைந்து, பெண்களின் உழைப்பைப் பற்றி எழுதிய கட்டுரைகளும் அந்த இனிஷியலோடுதான் எழுபதுகளில் ஒரு பெரிய ஆய்விதழில் வந்தன.

பிறகு கல்யாணம். கல்லூரியில் சேர்ந்த அன்று ஆபீசில் இருந்தவர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கணவரின் இனிஷியலைப் போட்டு எழுதிக்கொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான பெண்ணுக்கு இனிஷியல் மாறுவது எங்களுக்கு ஒரு சமாச்சாரமே இல்லை. யார் அதைப் போய்ப் பேசிக்கொண்டிருப்பார்கள்? அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் புது இனிஷியலில் வந்தது. வீட்டில் நான் ஒருத்தி, அச்சில் இரண்டு பேர். இது எனக்கே அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு கட்டுரை திரும்பி வந்தபோது. முந்திரிப் பெண்களைப் பற்றிப் புதிதாக ஒன்று எழுதி ஒரு ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். இதழுக்காக அதைப் படித்துப் பெயர் சொல்லாமல் கருத்துச் சொன்னவர், இது இன்னாருடைய பழைய ஆய்வை அப்படியே அடியொற்றியிருக்கிறது, ஆனால் அவர் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை, இது நேர்மையல்ல என்று எழுதியிருந்தார். அந்த இன்னார் நான்தான்! நான் எழுதியதை நானே எடுத்துக் காட்டிப் பீற்றிக்கொள்வானேன் என்று கூச்சப்பட்டு விட்டிருந்தேன். நல்ல கூத்து!

என் கணவர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "உன்னையே நீ திருடிட்டியாமே! போலீசுல நான் சொல்லட்டுமா, நீயே போறியா?"

"சிரிங்க, சிரிங்க. உங்க இனிஷியலாலதான் இந்த வெனை" என்றேன்.

இதழுக்கு விளக்கம் எழுதிப் போட்டேன். பதிலே இல்லை. சிரிப்பார் என்று நினைத்து எங்கள் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அங்கேதான் ஏமாந்தேன். அவர் என் கணவர் வழியில் தெரிந்தவர், எங்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தவர். என் பழைய இனிஷியல் அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"பாத்து இருந்துக்கங்கம்மா. இதெல்லாம் பேருக்குக் கெடுதல்" என்றார்.

கொஞ்ச நாளில் ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. 'அந்தம்மா யாரோ எழுதுனத பாத்துக் காப்பி அடிச்சிருக்காம்' என்று பியூன் வரைக்கும் போய்விட்டது. அந்த அரியலூர் வேலைக்குத் துறைத் தலைவருடைய மாணவர் ஒருவரும் விண்ணப்பித்திருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வேலை போனால் போகட்டும், பாடம் நடத்திக்கொண்டே காலம் தள்ளலாம். ஆனால் திருடி என்ற பெயரோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வகுப்புக்குள் போவது?

நேர்முகத் தேர்வு அரியலூர் பயணியர் விடுதியில் நடந்தது. உள்ளே மூன்று பேர். நடுவில் நிலையத்தின் தலைவர். ஒரு பக்கம் வடக்கேயிருந்து வந்த பேராசிரியர், தலை முழுக்க நரை. இன்னொரு பக்கம் யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் துறைத் தலைவரேதான். தெரிந்தவர் என்ற அடையாளமே காட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

பேச்செல்லாம் இங்கிலீஷில். வடக்கத்திப் பேராசிரியர் நான் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"உங்கள் கட்டுரைகள் என்று எழுதியிருக்கிறீர்களே, இதில் பழையவை உங்களுடையவை அல்ல, வேறொருவருடையவை. அவருடைய கட்டுரையை நான் மாணவர்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறேன். அவர் உழைப்பை உங்கள் பெயரில் எழுத எப்படி மனசு வந்தது?"

பாடமாக வைத்திருக்கிறாரா! சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

"அவர் இல்லை சார். அது நான்தான். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியது" என்று சொல்லி, பழைய இனிஷியல் போட்ட டாக்டர் பட்டச் சான்றிதழை நீட்டினேன்.

அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு எங்கள் துறைத் தலைவரிடம் திரும்பினார். "இங்கே அப்படி மாறுமா?"

அந்த மனுஷர் ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மாறும்தான். ஆனால் இந்தப் பெயரும் அந்த இனிஷியலும் இந்தப் பக்கத்தில் பலருக்கு உண்டு. உறுதியாகச் சொல்வதற்கில்லை."

குடித்த பாயசமெல்லாம் எங்கே போயிற்று? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். போயிருந்தால் அவர் சொன்னது உண்மையாகிவிடும். ஆகவே நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அந்தக் கட்டுரையில் எந்த வரியை வேண்டுமானாலும் கேளுங்கள், சார்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வரி இருக்கிறது. வேலை செய்வதில்லை என்று பதில் சொன்ன பெண்கள் பலரை, நேரடிக் கவனிப்பின் பேரில் உழைப்பாளிகளாகச் சேர்த்துக்கொண்டோம் என்று. என்ன கவனித்தார் என்று கட்டுரையில் இல்லை. மாணவர்கள் வருஷா வருஷம் கேட்கிறார்கள், எனக்குப் பதில் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

அடேங்கப்பா, கேட்டாரே கேள்வி! நெஞ்சுக்குள் ஒரு குதி குதித்தேன்.

"கையை, சார்" என்று என் இரண்டு கையையும் விரித்து நீட்டினேன்.

சொல்ல ஆரம்பித்தேன். "முதலில் எல்லாரையும் போல நானும் 'வேலைக்குப் போறீங்களா' என்றுதான் கேட்டேன். ஒரு அக்கா, 'இல்லீங்க, வூட்டுலதான் சும்மா இருக்கேன்' என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் வியாபாரி இறக்கிவிட்டுப் போன முந்திரிக்கொட்டை மூட்டை நிற்கிறது. வறுத்து உடைத்துப் பருப்பு எடுப்பது அவர்களுக்கு வேலையில்லையாம், வெளியே போய்ச் செய்தால்தான் வேலையாம். கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் கறுத்து உரியும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைத்தாலும் விடாது. மறுநாளிலிருந்து அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, 'கையக் காட்டுங்கக்கா' என்றேன். வெட்கப்பட்டு முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். கெஞ்சிக் கேட்டால் காட்டுவார்கள். 'கை' என்றுதான் எழுதினேன். ஆய்விதழில் போய்க் கையாவது காலாவது என்று என் வழிகாட்டி அடித்துவிட்டு, 'நேரடிக் கவனிப்பு' என்று போட்டார்."

அந்த நரைத்த தலைக்காரர் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "கை! கையா! எத்தனை வருஷமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்!" எழுந்து வந்து, நீட்டியிருந்த என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "திரும்பி வந்த உங்கள் கட்டுரை என்னிடம்தான் வந்தது, அம்மா. நேர்மையில்லை என்று எழுதியவன் நான்தான். நாளைக்கே எழுதி மாற்றுகிறேன்" என்றார்.

எங்கள் துறைத் தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. வாசல் வரைக்கும் வந்து, "நான் அப்பவே நெனச்சேம்மா, நீங்கதான்னு" என்று இழுத்தார்.

"நெனச்சீங்க சார், நெனச்சீங்க. வாயில பாயசம் இருந்திருக்கும், அதான் சொல்ல முடியல" என்றேன். இவ்வளவு நாள் கழித்தும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்குத் தித்திக்கிறது.

வேலை எனக்குத்தான். உத்தரவில் பெயரை எப்படிப் போடுவது என்று நிலையத் தலைவர் கேட்டபோது, இரண்டு இனிஷியலும் போடுங்கள், அப்பாவுடையது முன்னால் என்றேன். வெளியே டீக்கடையில் காத்திருந்த கணவரிடம் அதைச் சொன்னதும், "அப்பாடா, இனிமே திட்டு விழுந்தா பாதி மாமனாருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ சொன்னார்.

அங்கிருந்து நேரே விக்கிரமங்கலம் போனோம். பழைய கட்டுரை ஒன்று பையில் இருந்தது. நடந்ததையெல்லாம் சொல்லி, அப்பாவிடம் அதை விரித்துக் காட்டினேன். "இதை வடக்கே பெரிய காலேஜுலெல்லாம் பாடமா வச்சிருக்காங்கப்பா. எம் பேருக்கு முன்னாடி நிக்குது பாருங்க, அது உங்க எழுத்து."

அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே குனிந்தார். அவருக்குக் கைநாட்டுத்தான். "எது? இதா? இது என்னுதா?"

"ஆமாப்பா."

விரல் நுனியால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். "ஒன்ன கட்டிக் குடுக்கறப்ப குடுத்தனுப்ப எங்கிட்ட ஒண்ணுமே இல்லன்னு நெனச்சிருந்தேனே, ஆயி" என்றார்.

அதற்குப் பிறகு நான் எழுதிய எதுவும் அந்த எழுத்து இல்லாமல் அச்சாகவில்லை. விட்டுவிடப் பார்த்த அச்சகங்களிடம் சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன்.