உவா

என் கணவரின் தமக்கை மேல், அதாவது என் மச்சாள் மேல், எனக்குப் பொறாமை. படித்து உத்தியோகம் பார்க்கிறவள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லத்தான் போகிறேன்.

உரும்பிராயில் எங்கள் வீடும் மச்சாள் வீடும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. நான் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து யாழ்ப்பாணத்துக் கந்தோருக்கு ஓடுவேன். திரும்ப ஆறரை ஆகும். வந்ததும் சமையல், உடுப்புத் தோய்த்தல், கைப்பேசியில் துரத்திவரும் கந்தோர் வேலை. என் ஏழு வயது மகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்து, சோறு குழைத்துத் தீத்தி, தலை வாரி இழுத்துவிடுவதெல்லாம் மச்சாள்தான். அவருக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது. கச்சான் கடலை உடைத்துக்கொண்டே பிள்ளையின் கதையை ஒரு மணித்தியாலம் கேட்பார். நானென்றால், "கெதியாச் சொல்லு" என்பேன்.

போன கிழமை நான் படலையைத் திறக்க, மச்சாளின் மடியில் கிடந்த மகள் என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னாள்: "மாமி, உவா வந்திட்டா."

உவாவாம்! எங்கள் பேச்சில் பக்கத்தில் இருப்பவர் இவா, கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருப்பவர் அவா. இரண்டுமில்லாமல் இடையில் நிற்கிற ஒருத்திதான் உவா. வழி கேட்டுப் படலையில் நிற்கிறவளையும் அப்படித்தான் சொல்வோம். பத்து மாதம் சுமந்தவள் நான்!

"பிள்ளை பகிடிக்குச் சொல்லுது," என்று மச்சாள் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாளைக்கு நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டாம் மச்சாள். நானே கூட்டிக்கொண்டு வாறன்."

மறுநாள் மேலதிகாரியிடம் கெஞ்சி அரைநாள் லீவு எடுத்தேன். போட்டிக்கு நானும் ஒரு கடதாசிச் சரை கச்சான் வாங்கிக்கொண்டு, மற்ற அம்மாமாரோடு பள்ளிக்கூட வாசலில் நின்றேன். பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடிப்பாள், மச்சாளிடம் போய் அதைச் சொல்லவேண்டும் என்று மனதுக்குள் ஒரே துள்ளல். விசர்தான், வேறென்ன.

மணி அடித்தது. பிள்ளைகளோடு பிள்ளையாக வந்தவள் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். முகம் கோணியது. அழத் தொடங்கினாள்.

"அம்மா, மாமிக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. மாமி வீட்டை இருக்கிறா."

"உண்மையாவோ?"

"ஓம் குஞ்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"